வீட்டாள் அடித்த மணி

1

அக்கா செத்து வருகிற மாதத்தோடு ஒரு வருடம் ஆகிறது. ‘காலமாகி’ என்று எழுதலாம்தான். அப்படி எழுதினால் ஏதோ மரியாதையான காரியம் நடந்து முடிந்ததுபோல இருக்கிறது, எனக்கு மனம் வரவில்லை.

எங்கள் ஊர் செட்டிபாளையத்தில் இருந்து அக்காவின் மகள் துஷா போன கிழமை வாட்ஸ்அப்பில் மூன்று வரி அனுப்பியிருந்தாள். திவசம் எந்த நாள் என்பது முதல் வரி. வருவதென்றால் முன்கூட்டியே சொல்லட்டாம் என்பது இரண்டாவது. மூன்றாவது இது: “அம்மாட வெப்சைட்டை மூடிவிடுங்க சின்னம்மா. இனி அதுக்க ஆரும் வந்து என்ன செய்யிற.”

சுகமா என்று ஒரு சொல் இல்லை. ஒரு வருடமாக அவள் என்னோடு அப்படித்தான். கேட்டதற்குப் பதில் வரும், அதற்கு மேல் வராது. சின்ன வயதில் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு தூங்கிய பிள்ளை. ஏன் இப்படி ஆனாள் என்று எனக்கு அப்போது தெரியாது. இப்போது தெரியும், அதைத்தான் எழுதப்போகிறேன்.

கனடாவில் இருப்பவள் எழுதினால் பனியைப் பற்றி எழுதுவாள் என்று நீங்கள் எதிர்பார்த்திருப்பீர்கள். பனியைப் பற்றிச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. அள்ளிக் கொட்டுவோம், மறுபடி கொட்டும்.

2

முதலில் என் வேலையைச் சொல்லவேண்டும். இதை ஊர்ச் சனத்துக்கு விளங்கப்படுத்தி நான் ஒருநாளும் வென்றதில்லை. “கொம்பியூட்டர்” என்று சொல்லித் தப்பிக்கொள்வேன்.

நீங்கள் ஒரு கடையின் இணையத்தளத்துக்குப் போகிறீர்கள். எங்கே இருந்து வந்தீர்கள், எந்தப் படத்தில் கொஞ்ச நேரம் நின்றீர்கள், எதை அழுத்தினீர்கள், எதை அழுத்தப் போய் விட்டுவிட்டீர்கள், எல்லாவற்றையும் கடைக்காரருக்குச் சொல்லிக்கொடுக்கச் சின்னச் சின்ன நிரல்கள் அந்தப் பக்கத்துக்குள் ஒளிந்திருக்கும். அவற்றுக்கு டேக் என்று பெயர். பெரிய தளங்களில் ஐம்பது அறுபது கூடக் கிடக்கும். அத்தனையையும் ஒரு பெட்டிக்குள் போட்டு, எது எப்போது வேலை செய்யவேண்டும், எது எப்போது பேசாமல் இருக்கவேண்டும் என்று விதி எழுதும் கருவிக்கு டேக் மேனேஜர் என்று பெயர். அந்த விதிகளை எழுதுகிறவள் நான். கோள் மூட்டுகிற வேலை என்றுகூடச் சொல்லலாம், சம்பளத்தோடு.

இந்தத் தொழிலில் முதல் நாளே ஒரு பாடம் சொல்லித் தருவார்கள். சொந்த ஆட்களை எண்ணாதே. முதலாளி தன் கடைப் பக்கத்தைத் தானே நாளுக்குப் பத்துத் தரம் திறந்து அழகு பார்ப்பார். அதையும் சேர்த்து எண்ணினால் வாடிக்கையாளர் குவிகிறார்கள் என்று பொய்யாகத் தெரியும். ஆகவே முதல் வேலையாக முதலாளியின் கைப்பேசிக்கும் வேலையாட்களின் கணினிகளுக்கும் ஒரு அடையாளம் போட்டு, அவர்கள் அழுத்துவதையெல்லாம் ஒதுக்கிவிடவேண்டும். இருபது வருடத்தில் எத்தனையோ தளங்களுக்கு இந்த விதியை எழுதியிருக்கிறேன். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் எழுதுவேன்.

3

நான் இங்கே வந்து சேர்ந்த புதிதில் ஊருக்குக் கதைப்பது பெரும்பாடு. நான்தான் கார்ட் வாங்கி எடுக்கவேண்டும் (எடுப்பது என்றால் எங்கள் பேச்சில் அழைப்பது), அக்காவால் அவ்வளவு காசு கொடுத்து எடுத்துக் கதைக்க முடியாது. ஆனால் மணியை மட்டும் அடித்து வைக்க முடியும், அதற்குக் காசு போகாது. எங்கள் நாட்டில் அந்த மிஸ்ட் கோல் ஒரு தனிப் பாஷை. மீன்காரன் வந்துவிட்டான் என்பதற்கு ஒன்று, பஸ் ஏறிவிட்டேன் என்பதற்கு ஒன்று, காதலிக்கிறவர்களுக்கு எத்தனையோ.

எனக்கும் அக்காவுக்கும் இரண்டே இரண்டுதான். ஒரு தரம் அடித்து வைத்தால் எல்லாரும் சுகம், நீ எடுக்கத் தேவையில்லை. இரண்டு தரம் அடித்து வைத்தால் கதைக்க வேணும், நீ எடு.

சண்டைக் காலத்தில், எங்கள் பக்கம் ஏதோ நடந்துவிட்டது என்று செய்தியில் கேட்ட நாட்களில், அந்த ஒன்றுக்காகக் கைப்பேசியை மேசையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஒன்று அடித்து நிற்கும். அழுவேன், முகம் கழுவுவேன், வேலைக்குப் போவேன். ஒன்று அடித்ததற்கு நான் ஒருநாளும் திருப்பி எடுத்ததில்லை. இரண்டு அடித்து எடுக்காமல் விட்டதும் இல்லை.

பிறகு வாட்ஸ்அப் வந்தது. எந்நேரமும் எவ்வளவும் கதைக்கலாம் என்றானது. அதன்பிறகுதான் நாங்கள் கதைப்பது குறைந்தது.

4

எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். அக்காவுக்கு ஒன்றைக் கட்டிக் கொடுத்த அப்பா, அதே வளவுக்குள் வாவிப் பக்கமாக எனக்கும் ஒன்றைக் கட்டிப் போட்டார். நான் அதில் ஒரு நாளும் குடியிருக்கவில்லை. அத்தான் இறந்த பிறகு ஒருநாள், பிள்ளையைக் கூப்பிடுவதுபோல என்னை ‘மனே’ என்று கூப்பிட்டு அக்கா கேட்டாள்.

“ரதி, உன்ட வீடு சும்மாதானே கிடக்கு. வெள்ளைக்காரப் பிள்ளையள் இடம் கேட்டுத் திரியுதுகள். ரெண்டு அறையையும் விடட்டா மனே?”

விடு என்றேன். விட்டதோடு நில்லாமல் இணையத்தளமும் நானே செய்து கொடுத்தேன். வாவி, நண்டுக் கறி, மண்டூர்க் கோயிலுக்குப் போக வாகனங்களையும் ஆட்களையும் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கும் பாதைப் படகு என்று படங்கள். கீழே ஒரு மணிப் படம். அதை அழுத்தினால் பெயரும் செய்தியும் எழுத ஒரு பெட்டி திறக்கும். வழக்கம்போல டேக்குகளையும் போட்டேன். எல்லாம் சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க அக்காவைக் கைப்பேசியில் வைத்துக்கொண்டே சோதித்தேன்.

“அக்கா, இப்ப அந்த மணியை ஒருக்கா அமத்து.”

“அமத்தினன்.”

“வந்திட்டு. எனக்கு இஞ்ச ஒண்டு எண்டு காட்டுது.”

“பொய் சொல்லாத. இரு, இன்னும் ரெண்டு தரம் அமத்திறன்.”

“இப்ப ரெண்டு வந்திரிக்கு.”

அக்கா சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. “அடியேய், இது அந்த நாள் மிஸ்ட் கோல் மாதிரியெல்லோ. நான் இஞ்ச அடிக்க உனக்கு அங்க தெரியுது.”

“ஓம்கா. நீ அதில என்னத்தை அமத்தினாலும் எனக்கு இஞ்ச தெரியும்” என்றேன். பெருமைக்குச் சொன்னேன். வேலையில் கெட்டிக்காரி என்று அக்கா நினைக்கட்டும் என்று சொன்னேன்.

5

ஒரு நாள் ஒரு வாடிக்கையாளர் நிறுவனத்துக்கு என் கணினித் திரையைப் பகிர்ந்து விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தேன். பன்னிரண்டு பேர் பார்த்துக்கொண்டிருக்க, திரையின் நடுவில் அக்காவின் வீடியோ அழைப்பு வந்து நின்றது. தலையில் துவாய், கையில் பாதி உரித்த தேங்காயோடு அவள் எப்போதோ எடுத்துப் போட்ட படம். யாரோ சிரித்தார்கள். கேலிச் சிரிப்பு இல்லை, நல்லவர்கள்தான். எனக்குத்தான் முகம் எரிந்தது.

கூட்டம் முடிந்ததும் எடுத்து ஏசினேன். “என்னக்கா, நேரம் காலம் தெரியாம? நான் மீட்டிங்கில இருப்பன் எண்டு எத்தனை தரம் சொல்லியிரிக்கன். சும்மா சும்மா எடுக்காத. ஏலும் நேரம் நானே எடுப்பன்.”

“சரி மனே. நண்டு நல்லா வந்திரிக்கு, காட்டுவம் எண்டு எடுத்தன்” என்றாள். “இனி எடுக்கல்ல.”

எடுக்கவில்லைதான். அதற்குப் பிறகு அவளாக ஒரு தரமும் எடுக்கவில்லை. நான் ஞாயிற்றுக்கிழமைகளில் எடுத்தேன். பிறகு இரண்டு ஞாயிறுக்கு ஒருமுறை. பிறகு எடுப்பதற்குப் பதிலாகப் பூப்படம் அனுப்பினேன். என் மகள் மாயா அக்காவை ‘வெப்சைட் பெரியம்மா’ என்று சொல்லத் தொடங்கினாள். அவளுக்குப் பெரியம்மாவைத் தெரிந்ததெல்லாம் அந்தத் தளத்துப் படத்தில்தான். அதைப் பகிடி என்று நாங்கள் எல்லோரும் சிரித்தோம்.

அந்த நாட்களில்தான் அக்காவின் தளத்துக்கு எத்தனை பேர் வருகிறார்கள் என்று ஒருநாள் பார்த்தேன். முக்கால்வாசி வரவு செட்டிபாளையத்தில் இருந்தே வந்திருந்தது. தன் பக்கத்தைத் தானே திறந்து திறந்து பார்க்கிறாள் என்று விளங்கியது. ஐந்து நிமிடத்தில் விதியை எழுதினேன். அக்காவின் கைப்பேசிக்கு ஒரு இணைப்பை அனுப்பி, “இதை ஒருக்கா அமத்துக்கா” என்றேன். என்ன ஏது என்று கேட்காமல் அழுத்தினாள். அதோடு அந்தக் கைப்பேசியில் அடையாளம் விழுந்தது. அந்த அடையாளத்துக்கு நான் வைத்த பெயர் ‘வீட்டாள்’. வீட்டாள் எதை அழுத்தினாலும் கணக்கில் சேர்க்காதே, சோதனைக்கென்று வைத்திருக்கும் தனிக் கணக்குக்குள் போட்டுவிடு. அந்தச் சோதனைக் கணக்கை யாரும் திறந்து பார்ப்பதில்லை.

செய்ததை அக்காவிடம் சொல்லவில்லை. சொல்ல அதில் என்ன இருக்கிறது என்று நினைத்தேன்.

6

துஷாதான் எடுத்து விசளம் சொன்னாள். எங்கள் ஊரில் செய்தியை விசளம் என்போம், சாவுச் செய்தி என்றால் அந்தச் சொல்லே போதும். “சின்னம்மா, ஒரு விசளம்” என்றதும் அடுப்பை அணைத்தேன். வயிற்றில் நோவாம், ஆஸ்பத்திரியில் ஒப்பரேஷனாம், பிறகு கண்ணே முழிக்கவில்லையாம்.

அலுவலகத்தில் விடுமுறைப் படிவம். இறந்தவர் உங்களுக்கு என்ன முறை என்று ஒரு பட்டியல். சகோதரி என்றால் மூன்று நாள். போய்ச் சேரவே இரண்டு நாள் ஆகும் என்று எழுத அதில் இடமில்லை. மற்ற நாட்களைக் கெஞ்சி வாங்கினேன். என் கையில் இருப்பது கனடாக் கடவுச்சீட்டு, ஆகவே பிறந்த நாட்டுக்குப் போக விசா. அந்தப் படிவத்தில் வருகையின் நோக்கம் என்ன என்று கேட்டார்கள். தெரிவுகளில் சாவு இல்லை. ‘சுற்றுலா’ என்பதை அழுத்தினேன்.

எட்டாம் நாள் சடங்குக்குத்தான் போய்ச் சேர்ந்தேன். எனக்கென்று அப்பா கட்டிய வீட்டில், வெள்ளைக்காரருக்கு விடுகிற இரண்டாம் அறையில் என் பெட்டியை வைத்தாள் துஷா. கதவில் இலக்கம் ஒட்டியிருந்தது. களுவாஞ்சிக்குடியில் மரணப் பதிவு அலுவல்களுக்கு அவளோடு போனேன். படிவத்தை அவளே நிரப்பினாள், என்னிடம் பேனைகூடத் தரவில்லை.

திரும்பி வரும்போது ஆட்டோவுக்குள் கேட்டேன், “அம்மா இவ்வளவு நோவோட இருந்திரிக்கா. ஒரு வார்த்தை எனக்குச் சொல்லலாம்தானே மனே?”

அவள் வெளியே பார்த்துக்கொண்டு சொன்னாள். “உங்களுக்கு எல்லாம் தெரியும்தானே சின்னம்மா.”

துக்கத்தில் பேசுகிறாள் என்று விட்டுவிட்டேன்.

7

போன சனிக்கிழமை தளத்தை மூட உட்கார்ந்தேன். மூடுவதற்கும் ஒரு முறை இருக்கிறது. பக்கங்களை எடுக்கவேண்டும், டேக்குகளை நிறுத்தவேண்டும், கணக்குகளை அழிக்கவேண்டும். கடைசியில் மிஞ்சியது அந்தச் சோதனைக் கணக்கு. அதற்குள் ஒன்றும் இருக்காது என்ற எண்ணத்தோடுதான் திறந்தேன்.

நிறைய இருந்தது. எல்லாம் ஒரே கைப்பேசி, எல்லாம் மணி.

நாள் வாரியாகப் பிரித்துப் பார்த்தேன். ஒவ்வொரு நாளும் ஊர் நேரம் காலை ஆறு மணிக்கு ஒன்று. மறுநாளும் ஒன்று. அதற்கு மறுநாளும் ஒன்று. மாதக் கணக்காக ஒன்று. மண்டூர்த் திருவிழாவுக்குப் போன அன்றைக்கு மட்டும் காலை நாலு மணிக்கு இருந்தது, பாதைப் படகு ஏறப் புறப்படும் முன்பு அடித்திருக்கிறாள். அங்கே காலை ஆறு என்றால் இங்கே முதல் நாள் இரவு ஏழரை, கோடையில் எட்டரை. நான் வேலை முடிந்து, சமைத்து, சாப்பிட்டு, சும்மா இருக்கிற நேரம். என்னைக் கரைச்சல்படுத்தாத நேரமாகப் பார்த்துத் தெரிந்தெடுத்திருக்கிறாள்.

நான் எடுக்காதே என்றேன், அவள் எடுக்கவில்லை. நீ அமத்தினால் எனக்குத் தெரியும் என்றேன், அவள் அமத்தினாள். சொன்ன இரண்டையும் அப்படியே நம்பியிருக்கிறாள்.

கீழே போகப் போக ஒரு நாளில் இரண்டு இருந்தது. மறுநாளும் இரண்டு. விரல் வைத்து எண்ணினேன். பதினொரு நாள் தொடர்ந்து இரண்டு. நீ எடு, கதைக்க வேணும் என்று பதினொரு காலை அக்கா மணி அடித்திருக்கிறாள். இந்தப் பக்கம் நான் சட்டி கழுவிக்கொண்டு, நாடகம் பார்த்துக்கொண்டு, மாயாவோடு சண்டை பிடித்துக்கொண்டு இருந்திருக்கிறேன். என் வாட்ஸ்அப்பைத் தட்டிப் பார்த்தேன். அந்தப் பதினொரு நாளுக்குள் நான் அக்காவுக்கு அனுப்பியது ஒரே ஒரு தாமரைப் படம், வெள்ளிக்கிழமை வாழ்த்து. எல்லோருக்கும் அனுப்பியதை அவளுக்கும் அனுப்பியிருக்கிறேன். அக்கா கைகூப்புகிற பொம்மை ஒன்றைத் திருப்பி அனுப்பியிருந்தாள்.

மூடு என்ற பொத்தானுக்கு என் விரல் போகவில்லை. கத்தி அழுதேன். மாயா ஓடிவந்து “வட் ஹப்பின்ட்?” என்றாள். “பெரியம்மா கூப்பிட்டிருக்கிறா” என்றேன். என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். அவளுக்கு விளங்கப்படுத்த அவளுடைய தமிழும் போதாது, என்னுடைய ஆங்கிலமும் போதாது.

பதினொரு நாளுக்கும் கீழே கடைசியாக இன்னொரு நாள் இருந்தது, அக்காவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன நாள். அதில் ஒன்றுதான் இருந்தது. அதற்குக் கீழே எதுவும் இல்லை.

8

துஷாவுக்கு எடுத்தேன். நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். விதியைப் பற்றி, வீட்டாள் என்ற அடையாளத்தைப் பற்றி, யாரும் திறக்காத கணக்கைப் பற்றி.

“அப்ப நீங்க பாக்கயே இல்லையா?” என்றாள் கடைசியில்.

“இல்ல மனே. இண்டைக்குத்தான் பாத்தன்.”

“பாத்துப்போட்டும் எடுக்காம இரிக்கிறீங்க எண்டுதான் நான் இவ்வளவு நாளும்...” நிறுத்திவிட்டுப் பிறகு சொன்னாள். “டொக்டர் உடனே ஒப்பரேஷன் செய்யோணும் எண்டவர் சின்னம்மா. அம்மாக்குப் பயம். ‘ரதிக்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுப்போட்டுப் போவம்’ எண்டு நிண்டவ. நான் உங்களுக்கு எடுக்கப் போனா விடமாட்டா. ‘அவள் வேலையில நிப்பாள், எடுக்காத, நான் ரெண்டு அடிச்சிரிக்கன், அவளே எடுப்பாள்’ எண்டுவா. அடிச்சுப்போட்டுப் போனை மடியில வச்சுக்கொண்டு இரிப்பா. தேத்தண்ணி ஆறிப்போகும்.”

நான் எடுத்திருந்தால், போ அக்கா, பயப்படாதே, நான் வருகிறேன் என்று சொல்லியிருப்பேன். முதல் நாளே சொல்லியிருப்பேன். பதினொரு நாள் வீணாய்ப் போயிருக்காது. இதை எழுதுவதால் எனக்கு ஆறுதல் வரும் என்று நினைக்காதீர்கள், வரவில்லை.

எனக்கு ஒரு சந்தேகம் மட்டும் மிச்சம் இருந்தது. எந்த எண்ணிக்கையையும் சரிபார்க்காமல் விடாத தொழில் என்னுடையது. கேட்டேன்.

“கடைசி நாள் ஒண்டுதான் வந்திரிக்கு மனே. மற்றது விழல்லப் போல. சிக்னல் இல்லாம இருந்ததா?”

“சிக்னல் இரிந்தது” என்றாள். “நான் பக்கத்திலதான் நிண்டன். படலையடியில ஆட்டோ வந்து நிக்கிது. ஏறப்போனவ கிறுகித் திரும்பி நிண்டு, போனைத் தா எண்டா. எனக்குக் கோவம். ‘இன்னும் என்னத்துக்கும்மா அடிக்கிறீங்க, அவ எடுக்கமாட்டா’ எண்டன். கேக்கல்ல. வாங்கி ஒண்டு அடிச்சா. நான்தான் சொன்னன், அடிக்கிறதெண்டா மற்றதையும் அடிங்க எண்டு.”

“அதுக்கு?”

“‘இல்ல மனே, நான்தான் போகப்போறனே. அவள் அங்க தனிய இருந்து பயப்படுவாள். ஒண்டு போதும்’ எண்டா சின்னம்மா. எண்டுபோட்டு ஏறினவ.”

ஒரு தரம் அடித்தால் எல்லாரும் சுகம். எடுக்கத் தேவையில்லை.